மனை விற்பனையும் மறைக்கப்பட்ட வாய்க்காலும்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு நுட்பம் உண்டு. கோயிலுக்கு ராஜராஜ சோழன் வழங்கிய ஊர்களின் நிலக்கணக்கில் ஊர் நத்தம், குளம், ஊடே செல்லும் வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்த பிறகே வரி தரும் நிலத்தின் அளவு சொல்லப்படுகிறது. 1,000 ஆண்டுகளுக்கு முன்பே நிலத்தின் குறையும் கணக்கில் ஏறியது.

இன்று அதே டெல்டாவில் வயல்கள் மனைகளாகின்றன. 'பேருந்து நிலையம் 5 நிமிடம்' என்று நோட்டீஸ் சொல்லும். தூர்க்கப்பட்ட வாய்க்காலைச் சொல்லாது. ஐப்பசி மழையில்தான் உண்மை தெரியும்.

ஏமாந்தவருக்கு என்ன வழி? 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டப்படி, பொய் சொல்லிச் செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரலாம். எளிதில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்றது 1882-ம் வருட சொத்து மாற்றுச் சட்டம். ஆனால் இதற்கெல்லாம் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். சாதாரண குடும்பத்துக்கு அது எட்டாத தூரம்.

1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் 'சேவை' என்ற சொல்லுக்குள் வீடு கட்டித் தருவது 1993-ல் சேர்க்கப்பட்டது. அதே வருடம் நவம்பரில் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு அமைப்பானாலும் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றது. சாலை, வடிகால் அமைத்துத் தருவதாகச் சொல்லி மனை விற்பதும் சேவையே என்று 2012-ல் நார்னே கன்ஸ்ட்ரக்ஷன்ஸ் வழக்கில் தீர்ப்பானது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்த வசதியும் செய்து தருவதாகச் சொல்லாமல் வெறும் மனையை மட்டும் விற்றால் அது சேவையாகாது என்று 2013-ல் அதே நீதிமன்றம் கூறியது. எனவே ஒரு விவசாயி நேரடியாக விற்கும் வயலுக்கு நுகர்வோர் ஆணையத்தில் இடமில்லை. அதற்குப் பழைய சட்டங்கள்தான்.

2016-ம் வருட ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-வது பிரிவு, பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவருக்கு நஷ்டஈடு தருகிறது. 2019-ம் வருட நுகர்வோர் சட்டப்படி, புகார்தாரர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். பொதுவாக 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

ஆகவே நோட்டீசைத் தூக்கி எறியாதீர்கள், அதுவே சாட்சி. வில்லங்கச் சான்று கடனைக் காட்டும், தண்ணீரைக் காட்டாது. புலப்படத்தையும் வாங்கிப் பாருங்கள். முடிந்தால் மழைக்காலத்தில் ஒருமுறை அந்த இடத்தில் நடந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.