தமிழில் வந்த ஆணை

சென்ற மாதம் முந்தலில் உள்ள எங்கள் பழைய வீட்டில் இரண்டு இரவுகள் தங்கினேன். இரண்டாம் இரவு கண்ட கனவு இன்னும் நெஞ்சை விட்டு அகலவில்லை.

புத்தளம் - கொழும்பு வீதியில் மக்கள் இரண்டு வரிசைகளில் நிற்கிறார்கள். தென்னாபிரிக்க நிறவெறிக் காலத்துப் படங்களில் பார்த்தவை போன்ற பலகைகள் இரு பக்கமும் நடப்பட்டிருக்கின்றன. எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. என் அடையாள அட்டையில் பெயர் இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது. ஒலிபெருக்கி அறிவிக்கிறது: "இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறுங்கள்." என்னைத் திடுக்கிட்டு எழச் செய்தது அந்த ஆணையன்று, அது நல்ல தமிழில் வந்தது என்பதுதான்.

அதிகாரத்தின் மீது அவநம்பிக்கை கொள்வதற்கு எங்கள் தலைமுறைக்குப் பாடம் தேவைப்பட்டதில்லை. 1976 பெப்ரவரி 2ஆம் திகதி புத்தளம் பெரிய பள்ளிவாசலில் பொலிஸார் சுட்டதில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். நான் அப்போது சிறுவன். வீட்டில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டது மட்டுமே நினைவில் உள்ளது. அந்தக் கொலைகளுக்காகப் பாராளுமன்றத்தில் குரல் எழுப்பியவர் தந்தை செல்வா. புத்தளத்தில் வயது முதிர்ந்தவர்கள் அதை மறக்கவில்லை.

பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே புத்தளத்துக்கு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வந்து சேர்ந்தார்கள். 1990 ஒக்டோபரில் அவர்களைத் துரத்தியவர்கள் விடுதலைப் புலிகள். யாழ்ப்பாணத்தில் 30ஆம் திகதி காலை ஒலிபெருக்கியில் அழைத்து, ஒஸ்மானியா கல்லூரிப் பக்கம் கூடச் செய்து, இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்தார்கள். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். மொத்தம் 70,000க்கும் மேற்பட்டோர். 1966இல் கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியை வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்த தென்னாபிரிக்க அரசு, ஏறத்தாழ 60,000 பேரை அங்கிருந்து அகற்றப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இங்கே இரண்டு வாரங்கள் போதுமாயிருந்தன.

அந்த நாட்களில் எங்கள் பகுதிப் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் அவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்தேன். ஊர் மக்கள் சோறு சமைத்துக் கொடுத்தார்கள். பிறகு காணி, கிணற்றுத் தண்ணீர், கூலி வேலை என்று சிறு சிறு கசப்புகள் முளைத்தன. "அகதி" என்ற சொல் ஒரு சாதிப் பெயர் போல அங்கேயே பிறந்த குழந்தைகள் மீதும் ஒட்டிக்கொண்டது.

பின்னர் நான் பத்திரிகையில் சேர்ந்தேன். சிங்கள அதிகாரத்தின் அநீதிகளை எத்தனையோ முறை எழுதினேன். வடக்கு முஸ்லிம்களைப் பற்றி எழுத உட்கார்ந்த போதெல்லாம் "இது தருணமல்ல" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அச்சமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அச்சம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய்யாகும். 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்தை நியாயப்படுத்த முடியாத தவறு என்று ஏற்றுக்கொண்டார். அதன் பிறகுதான் பலருக்கு, எனக்கும், பேனா அசைந்தது.

2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்ரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். அந்தச் செய்தியை நாங்கள் கொதிப்போடு வெளியிட்டோம், அது சரியே. அன்று மாலை புத்தளத்திலிருந்து தொலைபேசியில் பேசிய ஒரு முஸ்லிம் நண்பர், "எங்களுக்கு எந்த நீதிமன்றமும் தடை தரேல்ல" என்றார். குரலில் கோபமில்லை. அதனால்தான் பதில் சொல்ல இயலாது போயிற்று.

கனவு கண்ட காலையில் தேநீர்க் கடையில் மன்னாரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட முதியவர் ஒருவர் இருந்தார். பல வருடப் பழக்கம், நானா என்றே அழைப்பேன். கனவைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, நீங்க எந்த வரிசையில நின்டீங்க?"

"தெரியேல்ல நானா. அதுக்குள்ள முழிச்சிட்டன்."

அவர் எனக்கும் சேர்த்து இன்னொரு தேநீர் சொன்னார்.