நெகட்டிவிலிருந்து கலர் பிரிண்ட் வந்த கதை

நம் வயதுக்காரர் வீட்டுப் பீரோவைத் திறந்தால் இரண்டு வகை ஆல்பம் இருக்கும். 1960-களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் பளிச்சென்று இருக்கும். 1970-களிலும் 80-களிலும் கூடுதல் செலவு செய்து எடுத்த கலர் படங்களோ செம்மண் பூசியதுபோல் சிவந்துபோயிருக்கும். இது ஏன் என்று பல நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். கலர் பிரிண்ட் என்பது எப்படி வந்தது என்று தெரிந்தால் இதற்கும் பதில் கிடைத்துவிடும்.

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் முதலில் ஒரு பிரெஞ்சுக்காரரைச் சொல்லிவிடுகிறேன். லூயி துகோ துயு ஓரோன் என்பவர் 1868-லேயே இதன் சூத்திரத்தைச் சொல்லிக் காப்புரிமை வாங்கினார். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஒளியில் தனித்தனியாகப் படமெடுத்து, அவற்றை நீலப்பச்சை (சயான்), மெஜெந்தா, மஞ்சள் என்ற மூன்று சாயங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டால் எல்லா நிறமும் கிடைத்துவிடும் என்றார். தாம் வாழ்ந்த அஜான் நகரை அவர் 1877-ல் எடுத்த கலர் படம் இன்றும் இருக்கிறது. பிறகு 1907-ல் லூமியேர் சகோதரர்கள் உருளைக்கிழங்கு மாவுத் துகள்களுக்குச் சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் கலர் படம் கொண்டுவந்தார்கள். அழகுதான், ஆனால் ஒரு தகட்டுக்கு ஒரே படம். பிரதி போட வழியில்லை. 1942-ல் கோடக் நிறுவனத்தின் 'கோடாகலர்' வந்த பிறகே ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை கலர் பிரிண்ட் வேண்டுமானாலும் போடலாம் என்ற நிலை சாதாரண மக்களுக்கு வந்தது.

நம் மலையடிவாரத்துக்கும் இதில் பங்கு உண்டு. சேலத்திலிருந்து ஏற்காடு வரும் சாலையில் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கிறதே, அந்த மாடர்ன் தியேட்டர்ஸ்தான் 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அது. டி.ஆர். சுந்தரம் அதற்குப் பயன்படுத்திய கேவாகலர், பெல்ஜியத்தின் கேவர்ட் நிறுவனம் தயாரித்த பிலிம். நம் கேமராவில் போட்ட ரோலைப் போலவே அதுவும் நெகட்டிவிலிருந்து பிரதி எடுக்கும் முறைதான்.

இந்தியாவே பிலிம் செய்ய வேண்டும் என்று 1960-ல் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதற்குத் தொழில்நுட்பம் தந்ததும் போஷே என்ற பிரெஞ்சுக் கம்பெனிதான். தூசி இல்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்பதால் மலைமேல் இடம் பார்த்தார்கள். 1967-ல் உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் வந்த அதன் கறுப்பு வெள்ளைப் பேப்பரும் எக்ஸ்ரே பிலிமும் நாடு முழுக்கப் போயின. நம் கறுப்பு வெள்ளை ஆல்பத்தில் பாதி அந்தப் பேப்பராகவே இருக்கலாம். கலரில் மட்டும் வெளிநாட்டுச் சரக்கை நம்பித்தான் இருந்தோம்.

கலர் பிரிண்ட் நன்றாக வருவது அவ்வளவு சுலபமில்லை. 1972-ல் வந்த சி-41 முறையில் பிலிமைக் கழுவும் மருந்து 38 டிகிரியில் இருக்க வேண்டும், கால் டிகிரி பிசகக்கூடாது. நேரம் மூன்றேகால் நிமிடம். அதன்பின் பேப்பரில் பிரிண்ட் போடும்போது ஃபில்டர் கணக்கு வரும். படம் மெஜெந்தாவாக வந்தால் மெஜெந்தா ஃபில்டரையே கூட்ட வேண்டும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் என்பதால் முள்ளை முள்ளால் எடுக்கும் வேலை இது. நெகட்டிவ் ஆரஞ்சு நிறத்தில் இருப்பதைப் பழுது என்று நினைத்தவர்கள் உண்டு. சாயங்களில் உள்ள கலப்பைச் சரிக்கட்டவே அந்த ஆரஞ்சை வேண்டுமென்று சேர்க்கிறார்கள்.

1970-களின் பிற்பகுதியில் ஜப்பானின் நோரிட்சு போன்ற கம்பெனிகள் சின்ன லேப் மெஷின்களைக் கொண்டுவந்தன. சில வருடங்களில் அவை நம் பக்கத்து ஊர்களுக்கும் வந்து, வாரக்கணக்கில் காத்திருந்தது மணிக்கணக்காகச் சுருங்கியது. ஆனால் மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. எந்தப் படத்தையும் சராசரி பார்த்தால் சாம்பல் நிறம்தான் என்று அது முடிவுகட்டி வைத்திருக்கும். ஏற்காடு அதற்கு ஒத்துவருமா? பின்னால் முழுக்கப் பச்சை இருந்தால் பச்சை அதிகம் என்று குறைத்துவிடும், முகமெல்லாம் மெஜெந்தா ஏறிவிடும். மூடுபனியில் எடுத்தால் வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்து அழுக்குச் சாம்பலாக்கிவிடும், அதில் ஆள் முகம் கறுத்துப்போகும்.

ஒரு மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு வந்த அக்காவையும் அத்தானையும் ஏரிக்கரைப் புல்வெளியில் உட்கார வைத்து எடுத்தோம். பிரிண்ட் வந்தபோது இருவர் முகத்திலும் ரோஸ் பவுடர் அப்பியதுபோல் இருந்தது. "கேமரா சரியில்லை" என்றார் கடைக்காரர். அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருவர் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அவர் வேட்டி வெள்ளையா வர்ற மாதிரி போட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார். மறு பிரிண்டில் வேட்டி வெள்ளையானது, அத்தானின் மாநிறமும் அப்படியே வந்தது. நல்ல பிரிண்டின் ரகசியம் அவ்வளவுதான். மெஷினை மீறிப் பார்க்கும் ஒரு ஜோடிக் கண் வேண்டும்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளி, அது உலோகம். கலர் படத்தில் இருப்பது வெறும் சாயம். அந்தக் காலப் பேப்பரில் சயான் சாயம் மிகவும் பலவீனம். வெயிலே படாமல் பூட்டி வைத்தாலும் வெளுத்துவிடும். அது போனதும் மிஞ்சுவது சிவப்பு. யாரும் ஆல்பத்தைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தமில்லை.

ஊட்டித் தொழிற்சாலையும் நலிந்தது. 2014-ல் ஊழியர்களின் விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. டிஜிட்டல் வந்ததும் ஊர் லேப்களும் ஒவ்வொன்றாக மூடின.

ஆனால் ஆல்பத்தின் பின்னுறையில் நெகட்டிவ் இருக்கிறதா பாருங்கள். சாயம் அதிலும் வெளுக்கும், இருந்தாலும் பல சமயம் பிரிண்டைவிட நல்ல நிலையில் இருக்கும். நம் மலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் தாமதிக்க வேண்டாம். தண்ணீரோ ஈரத் துணியோ வைத்துத் துடைக்காதீர்கள். ஓரத்தை மட்டும் பிடித்துக் காகித உறையில் போட்டு, நெகட்டிவ் ஸ்கேன் செய்யும் கடையில் கொடுங்கள். கூடவே போய் உட்கார்ந்து, அம்மா கட்டியிருந்த சேலை என்ன நிறம் என்று நீங்களே சொல்லுங்கள். அந்த நிறம் இன்று நம் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. நமக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இல்லை.