அப்பா பிறந்த தேசம்

கான்பெர்ரா, 2017 ஆகஸ்ட் 14. ஆஸ்திரேலியத் துணைப் பிரதமர் பார்னபி ஜாய்ஸ் அவையில் எழுந்தார். நான்கு நாட்களுக்கு முன் நியூசிலாந்துத் தூதரகம் தெரிவித்த தகவலைச் சொன்னார்: அவர் நியூசிலாந்துக் குடிமகனாகவும் இருக்கக்கூடும்! பிறந்தது ஆஸ்திரேலியாவின் டாம்வொர்த் நகரில். அந்த நகரம் அடங்கிய நியூ இங்கிலாந்துதான் அவருடைய தொகுதியும். பிறகு எப்படி இது?

முடிச்சு அப்பாவிடம் இருந்தது. அவர் 1924-இல் நியூசிலாந்தில் பிறந்து, 1947-இல் ஆஸ்திரேலியா வந்தவர். அன்று இரு நாட்டு மக்களும் பிரிட்டிஷ் மன்னரின் பிரஜைகள். தனித்தனிக் குடியுரிமை கிடையாது. 1949 ஜனவரி 1-இல் நியூசிலாந்துக் குடியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. கடல் கடந்து வந்துவிட்ட அப்பா, அங்கே பிறந்தவர் என்பதால் அன்றே நியூசிலாந்துக் குடிமகன் ஆனார். 1967-இல் பிறந்த மகனுக்கும் அது வம்சாவளியாக வந்து சேர்ந்தது. யாரும் விண்ணப்பிக்கவில்லை, ஒரு கையெழுத்தும் போடவில்லை.

1901-இல் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய அரசியல் சாசனத்தின் 44-ஆவது பிரிவோ, அயல்நாட்டுக் குடியுரிமை உள்ளவர் நாடாளுமன்றத்தில் அமரக் கூடாது என்கிறது.

ஜாய்ஸ் தனியாக மாட்டவில்லை. செனட்டர் லாரிசா வாட்டர்ஸ் கனடாவின் வின்னிபெக்கில் பிறந்து, 11 மாதக் குழந்தையாக ஆஸ்திரேலியா வந்தவர். தன் கைக்குழந்தைக்கு அவையிலேயே பாலூட்டி அந்த மே மாதம் உலகச் செய்தியானவர், ஜூலையில் பதவி விலக நேர்ந்தது.

இப்படிச் சிக்கிய எழுவர் வழக்கில் அக்டோபர் 27 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'தெரியாது' என்ற வாதம் எடுபடவில்லை. ஜாய்ஸ், வாட்டர்ஸ் உட்பட ஐவர் தகுதியற்றவர்கள் என்றானது. அயல்நாட்டுக் குடியுரிமையை முறைப்படி துறந்துவிட்ட ஜாய்ஸ், டிசம்பர் 2 இடைத்தேர்தலில் அதே தொகுதியில் மீண்டும் வென்றார்.

மக்கள் பிரதிநிதிக்கு ஒரே நாட்டு விசுவாசம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை ஓட்டுப் போடுவதற்கு முன்பே கேட்க வேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய பிறகு கேட்டால், வேட்பாளரோடு சேர்ந்து வாக்காளரும் அல்லவா தோற்கிறார்? ஆஸ்திரேலியா அதை உணர்ந்தது. 2019 முதல் அங்கே வேட்புமனுவோடு ஒரு தகுதிப் படிவமும் கட்டாயம். பெற்றோர் எங்கே பிறந்தார்கள், தாத்தா பாட்டி எங்கே பிறந்தார்கள் என்று அது விசாரிக்கிறது. ஜாய்ஸ் முதன்முதலில் மனுத் தாக்கல் செய்த நாளிலேயே இதைக் கேட்டிருந்தால், அப்பாவின் ஊர்ப் பெயர் அன்றே பதிவாகியிருக்கும்.