பேச்சின் வெப்பம்: கையடக்க இருவழி வானொலியின் வரலாறு பற்றி ஒரு குறிப்பு

தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதுவோர் கண்டுபிடிப்பாளரின் பெயரோடும் ஆண்டோடும் பெரும்பாலும் அமைதி கண்டுவிடுகின்றனர். கருவியைக் கையிற் பிடித்து உழைப்பவனின் அனுபவம் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. கையடக்க இருவழி வானொலி சற்று நேரம் தொடர்ந்து பேசினாற் கையைச் சுடுகின்றது. பாவிப்போர் அனைவரும் அறிந்த இவ்வுண்மையையே நாம் இங்கு வரலாற்றுச் சான்றாகக் கொள்கின்றோம்.

1941 இல் அமெரிக்காவின் கல்வின் நிறுவனம் (பின்னர் மோட்டோறோலா) படையினருக்கென உற்பத்தி செய்த எஸ்.சி.ஆர். 536 என்னும் கருவி ஐந்து வால்வுகளைக் கொண்டது. ஏறத்தாழ ஐந்து இறாத்தல் நிறையுடையது. வால்வின் இழை சூடாகாவிடின் இலத்திரன் வெளிப்படாது. ஆகவே அக்கருவிக்கு வெப்பம் குறைபாடன்று. இயக்கத்தின் முன்நிபந்தனையே அதுதான். பேசினாலும் கேட்டாலும் இழை எரிந்துகொண்டேயிருந்தது, மின்கலமும் தேய்ந்துகொண்டேயிருந்தது.

1947 இல் பெல் ஆய்வுகூடத்தில் உருவான திரான்சிற்றர் இந்நிலையைத் தலைகீழாக்கியது. அது இயங்குவதற்கு வெப்பம் வேண்டியதில்லை; மாறாக வெப்பமே அதன் பகை. சூடேறச் சூடேற மின்னோட்டம் கூடுகின்றது. கூடிய மின்னோட்டம் மேலும் சூடாக்குகின்றது. கட்டுப்படுத்தாவிடில் அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஜேர்மானியத்தைவிட உயர்ந்த வெப்பநிலையைத் தாங்கும் சிலிக்கன் திரான்சிற்றர்கள் 1954 முதல் விற்பனைக்கு வந்தமை இதனாலேயே முக்கியமானது. முற்றிலும் திரான்சிற்றர்களால் இயங்கிய மோட்டோறோலாவின் எச்.ரி. 200 என்ற கையடக்கக் கருவி 1962 இல் வெளிவந்தது. செங்கல் என்றே அதற்குப் பட்டப்பெயர் வழங்கியது.

இம்மாற்றத்தால் வெப்பம் ஒழியவில்லை, இடம்பெயர்ந்தது. 5 வாற்று வலுவை அலைவாங்கிக்கு அனுப்பும் கருவி, மின்கலத்திலிருந்து 10 வாற்றுக்கும் மேற்பட்ட வலுவைப் பெறுகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி இறுதிப் பெருக்கியில் வெப்பமாகி, உலோகச் சட்டத்தின் வழியே, பிடித்திருப்பவனின் உள்ளங்கையை வந்தடைகின்றது. (அலைவாங்கி முறிந்திருப்பின், அனுப்பிய வலுவிலும் ஒரு பகுதி திரும்பி வந்து சூட்டை மிகுவிக்கும்.) காத்திருக்கும்போது செலவாவது இதில் மிகச் சிறு பங்கே. எனவே வெப்பம் இப்போது பேச்சோடு மட்டும் பிணைந்துவிட்டது.

இவ்விடத்திலேதான் வடிவமைப்பின் சமூக உள்ளடக்கம் வெளிப்படுகின்றது. இக்கருவிகளின் மின்கல ஆயுளைக் கணிக்கையில் நெடுங்காலமாக வழங்கிவரும் விகிதம் 5-5-90 ஆகும். அதாவது, நேரத்தின் நூற்றுக்கு 5 பங்கு பேச்சு, 5 பங்கு கேட்பு, 90 பங்கு காத்திருப்பு. வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடும் இடைவிட்ட பேச்சையே எதிர்பார்த்து அமைந்தது. இவ்விகிதத்தை வெறும் பொறியியற் கணக்காகக் கொள்ள நாம் உடன்படவில்லை. கட்டளைக்குக் காத்திருந்து, சுருக்கமாக விடையிறுத்து, மீண்டும் மௌனமாகும் ஊழியன் ஒருவனே இதனுள் உறைந்துள்ளான். அவன் நீளப் பேசிக் கருவி பழுதுபடுமாயின், அது 'தவறான பாவனை' எனப்படுகின்றது!

நீளப் பேச வேண்டிய வேளைகளோ பெரும்பாலும் ஆபத்தான வேளைகளே. தீயணைப்போர் நிலை இதற்குத் தக்க சான்று. உள்ளிருந்து எழும் வெப்பத்தோடு புறவெப்பமும் அங்கு சேருகின்றது. அமெரிக்கத் தேசிய தரநிர்ணய நிறுவனம் 2010களின் தொடக்கத்தில் வெளியிட்ட சோதனை முடிவுகளின்படி, 160 பாகை செல்சியசில் வைக்கப்பட்ட ஏழு கையடக்க வானொலிகளும் 15 நிமிடங்களுக்குள் செவ்வனே இயங்கத் தவறின. அவற்றுள் நான்கு, ஒலிபரப்புவதையே நிறுத்திவிட்டன.

பிற்காலத்திற் சேர்க்கப்பட்ட வெப்ப உணரி, சூடு மிகுந்ததும் வலுவைக் குறைத்துக் கருவியைக் காக்கின்றது. பேசுவோனின் குரல் எட்டும் தூரம் அப்போது சுருங்குகின்றது. 2005 இல் ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட டி.எம்.ஆர். எண்மிய முறையில், ஒவ்வொரு 60 மில்லிசெக்கனிலும் 30 மில்லிசெக்கன் மட்டுமே கருவி ஒலிபரப்புவதால், வெப்பம் கணிசமாகக் குறைந்தது. தீக்களத்திற்குரிய கையடக்க வானொலிக்கெனத் தனித் தரவிதியொன்றை அமெரிக்கத் தேசிய தீப்பாதுகாப்புச் சங்கம் 1802 ஆம் இலக்கத்தில் வெளியிட்டது 2021 இல், எஸ்.சி.ஆர். 536 உற்பத்தியாகி அப்போது 80 ஆண்டுகள் கழிந்திருந்தன.