ஆய்வகத்தில் வளர்க்கப்படும் எதிர்ப்பு அணுக்கள்: இரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி செல் சிகிச்சை

நோயாளியின் இரத்தத்திலிருந்தே நோய் எதிர்ப்பு அணுக்களைப் பிரித்தெடுத்து, புற்றணுவை அடையாளம் காணுமாறு அவற்றை ஆய்வகத்தில் மாற்றியமைத்து, பெருகச் செய்து, மீண்டும் அவரது உடலிலேயே செலுத்தும் மருத்துவ முறை கார்-டி செல் சிகிச்சை எனப்படுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தினர் சிகிச்சைக்காகச் சென்றுவரும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கான ஆய்வு நடத்தப்பட்டு, முடிவுகள் 2025-ஆம் ஆண்டில் வெளியாயின. இச்செய்தியை அறிந்து, நடைபெற்றுவரும் கீமோதெரபியை நிறுத்திவிட்டுப் புதிய சிகிச்சைக்குக் காத்திருக்கலாம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். இது யாருக்குப் பொருந்தும், எந்தக் கட்டத்தில் பொருந்தும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

எவ்வகை இரத்தப் புற்றுநோய்க்கு?

இரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோய் அன்று. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுவது, மருத்துவர்கள் சுருக்கமாக 'ஏஎல்எல்' என்று குறிப்பிடும் அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா. இதில் பெரும்பாலும் பாதிப்புக்குள்ளாவது பி செல் என்னும் வெள்ளையணு வகை. கார்-டி சிகிச்சை இந்த பி செல் வகைக்கும், அதே அணுக்களில் தோன்றும் சில லிம்போமா நோய்களுக்கும் பயன்படுகிறது. அதிலும், கீமோதெரபிக்குப் பின் நோய் திரும்பியவர்களுக்கும், நோய் கட்டுப்படாதவர்களுக்குமே இது பரிந்துரைக்கப்படுகிறது.

குழந்தைகளின் ஏஎல்எல் நோய், கீமோதெரபியை முழுமையாக எடுத்துக்கொண்டால் பெரும்பாலோருக்குக் குணமாகக் கூடியது. ஆனால் அது இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நீளும் சிகிச்சை. முதல் சில மாதங்களில் பிள்ளை நன்றாகத் தேறிவிடுவதால், பேருந்துச் செலவையும் கூலி இழப்பையும் கருதி, இடையில் வருவதை நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. நோய் திரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். திரும்பி வரும் நோய் முன்னிலும் கடினமானது.

மற்றொரு வகையான 'ஏஎம்எல்' நோய்க்கு இப்போதுள்ள கார்-டி தயாரிப்புகள் பயன்படுவதில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பணிபுரிவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். கரைப்பான்களிலும் எரிபொருள்களிலும் இருக்கக்கூடிய பென்சீன், இரத்தப் புற்றுநோயை, குறிப்பாக ஏஎம்எல் நோயை, உண்டாக்கும் என்பது உறுதிசெய்யப்பட்ட ஒன்று. அங்கே காப்பது காற்றோட்டம், உரிய வகை முகக்கவசம், முறையான இரத்தப் பரிசோதனை ஆகியவையே. கரைப்பானைக் கொண்டு கை கழுவும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

அணுக்கள் எவ்வாறு வளர்க்கப்படுகின்றன?

நம் உடலில் உள்ள டி செல்கள், தொற்றுக்குள்ளான அணுக்களையும் பழுதுபட்ட அணுக்களையும் தேடி அழிப்பவை. புற்றணு நம் உடலின் சொந்த அணுவிலிருந்தே தோன்றுவதால், டி செல்களின் பார்வைக்குப் பலமுறை தப்பிவிடுகிறது. இக்குறையைப் போக்குவதே சிகிச்சையின் அடிப்படை.

முதலில், நோயாளியின் இரத்தம் ஒரு கருவியின் வழியே சில மணி நேரம் செலுத்தப்பட்டு, வெள்ளையணுக்கள் மட்டும் பிரித்தெடுக்கப்படும். எஞ்சிய இரத்தம் உடலுக்கே திரும்பிவிடும். பிறகு டி செல்கள் தூண்டப்பட்டு, நோய் உண்டாக்கும் திறன் நீக்கப்பட்ட ஒரு வைரஸின் துணையால், புதிய மரபணு ஒன்று அவற்றினுள் சேர்க்கப்படும். அதன் பயனாக டி செல்லின் மேற்பரப்பில் ஓர் ஏற்பி முளைக்கிறது. பி செல்களின் மேல் இருக்கும் 'சிடி19' என்ற புரதத்தை அந்த ஏற்பி பற்றிக்கொள்ளும். உடல் வெப்பநிலையில், ஊட்டக் கரைசலில், தொற்று புகாத கருவிக்குள் அணுக்கள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. தூய்மைச் சோதனைகள் முடிந்தபின், நோயாளிக்குச் சில நாள்கள் கீமோதெரபி அளித்து உடலில் இடம் ஏற்படுத்தி, இரத்தம் ஏற்றுவதுபோல் அவற்றைச் செலுத்துவர். ஆகவே இச்சிகிச்சையிலும் கீமோதெரபி உண்டு.

சிடி19 புரதம் நலமான பி செல்களிலும் இருப்பதால் அவையும் அழியும். பி செல் இல்லாமலும் மனிதர் வாழ முடியும். குறையும் எதிர்ப்புப் புரதத்தை ஊசி வழியே ஈடுசெய்யலாம். ஏஎம்எல் நோயிலோ, புற்றணுவின் அடையாளங்கள் மஜ்ஜையின் நலமான மூல அணுக்களிலும் உள்ளன. அவற்றையும் அழித்தால் இரத்தம் ஊறுவதே நின்றுவிடும். தடை இதுவே.

இந்தியாவில் இதன் நிலை

அமெரிக்காவில் முதல் கார்-டி சிகிச்சைக்கு 2017 ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்தது. இந்தியாவில் ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மையமும் இணைந்து உருவாக்கிய 'நெக்ஸ்கார்19' 2023 அக்டோபரில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதலைப் பெற்றது; 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது. வெளிநாட்டு விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு என்றாலும், அதுவும் பல லட்சம் ரூபாய் ஆகும்.

வேலூர் ஆய்வு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்றது. அணுக்களைத் தொலைவிலுள்ள தொழிற்சாலைக்கு அனுப்பாமல் மருத்துவமனையிலேயே வளர்த்ததால், சுமார் 9 நாள்களில் தயாரிப்பு முடிந்தது. நோய் வேகமாகப் பரவும் ஒருவருக்கு இந்த நாள் கணக்கு உயிர்க் கணக்கு. ஏஎல்எல் நோயாளிகள் அனைவருக்கும் நோய் தணிந்தது. லிம்போமா நோயாளிகளில் பாதிப் பேருக்குத் தணிந்தது. ஆயினும் ஆய்வில் பங்கேற்றவர்கள் மிகச் சிலரே. நோய் தணிதலும் நிலையான குணமும் ஒன்றல்ல என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

ஆபத்துகள்

அணுக்கள் செலுத்தப்பட்ட சில நாள்களில் கடுங்காய்ச்சல், இரத்த அழுத்தக் குறைவு, மூச்சுத்திணறல் ஏற்படலாம். எதிர்ப்பு அணுக்கள் ஒரே சமயத்தில் பெருமளவு வேதிப்பொருள்களை வெளியிடுவதே காரணம். டோசிலிசுமாப் என்ற மருந்தால் இது பெரும்பாலும் கட்டுப்படுத்தப்படுகிறது. சிலருக்குக் குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு ஆகியவை தோன்றலாம். எனவே சில வாரங்கள் மருத்துவமனைக்கு அருகிலேயே, துணைக்கு ஒருவருடன் தங்க வேண்டும். வாகனம் ஓட்டுவோரும் ஆலை இயந்திரங்களை இயக்குவோரும் மருத்துவர் அனுமதிக்கும்வரை அப்பணிகளைத் தவிர்க்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

நீடித்த காய்ச்சல், வெளிறிய தோற்றம், அடிபடாமலே தோன்றும் நீலத் திட்டுகள், ஈறில் இரத்தக்கசிவு, கழுத்தில் கட்டி, பிள்ளைகள் கால் வலிக்கிறது என்று நடக்க மறுத்தல் ஆகியவை இருப்பின், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முழு இரத்த அணுக்கள் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஐயம் எழுந்தால் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், குழந்தைகளாயின் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கும் செல்லலாம். ஈஎஸ்ஐ காப்பீடு உள்ள தொழிலாளர்கள், பிற மாநிலத்தவர் உட்பட, தங்களுக்குரிய ஈஎஸ்ஐ மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் பெறலாம்.

'ஆய்வகத்தில் வளர்த்த எதிர்ப்பு அணுக்கள்' எல்லாப் புற்றுநோயையும் தீர்க்கும் என்று எவரேனும் விளம்பரம் செய்தால், அத்தயாரிப்புக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் உண்டா என்று கேளுங்கள். ஆய்வு என்று சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண்ணையும், நீங்கள் படித்தறியும் மொழியில் ஒப்புதல் படிவத்தையும் கேட்டுப் பெறுங்கள். இவை தரப்படாத இடத்தில் முன்பணம் செலுத்த வேண்டாம். அரசு மருத்துவமனைகள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆகியவை குறித்த ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.