பொன்முடி வீடும் மூன்று பூகம்பங்களும்

போன வாரம் ஊரிலிருந்து தம்பி போன் செய்தான். பொன்முடி அடிவாரத்தில், விதுரா பக்கம், அப்பா வாங்கிப் போட்ட பத்து சென்ட்டில் வீடு கட்டப் போகிறான். ப்ரீகாஸ்ட் வீடு. சுவர், தளம் எல்லாம் ஃபாக்டரியிலேயே வார்த்து, லாரியில் கொண்டுவந்து, கிரேன் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். "அண்ணே, நீ பூகம்ப ஊர்லதானே இருக்க, இது தாங்குமா?" என்றான். வெலிங்டனில் கட்டடப் பொறியாளன் என்று பேர் பண்ணிக்கொண்டு திரிவதால் பதில் சொல்லியே ஆகவேண்டும் :-) அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். ஊரில் வீடு கட்டும் உங்களுக்கும் உதவலாம்.

1988 டிசம்பர் 7, ஆர்மீனியா. லெனினாகன் (இப்போது கியூம்ரி) நகரில் இரண்டு வகை ப்ரீகாஸ்ட் அடுக்குமாடிகள் இருந்தன. தூணும் பீமும் கோத்துக் கட்டிய ஒன்பது மாடிக் கட்டடங்களில் பாதிக்கு மேல் இடிந்து விழுந்தன. பெரிய சுவர்ப் பலகைகளைப் பெட்டி போல இணைத்தவையோ அதிகச் சேதமில்லாமல் நின்றன. ஊரும் ஒன்று, ஆட்டமும் ஒன்று. முதல் வகையில் இணைப்புகள் பலவீனம், தளப் பலகைகளும் ஒன்றோடொன்று சரியாகக் கட்டப்படவில்லை.

2001 ஜனவரி 26, குஜராத். கட்ச்சில் புதிதாகக் கட்டிய ப்ரீகாஸ்ட் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் கூரைப் பலகைகள் நழுவி விழுந்தன. பலகைகளை சுவர் மேல் வைத்திருந்தார்கள், கட்டியிருக்கவில்லை. குடியரசு தினம், வகுப்பு இல்லை. மற்ற நாளாக இருந்திருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

மூன்றாவது எங்கள் ஊர். 2016 நவம்பர் 14, நள்ளிரவு தாண்டி சில நிமிடம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஹவுஸ் 2005-ல் கட்டிய கட்டடம்தான். ஆட்டத்தில் பீம்கள் நீண்டு, தூண்கள் விலக, விளிம்பில் உட்கார்ந்திருந்த தளத் துண்டுகள் சில கீழே விழுந்தன. உள்ளே ஆளில்லை. பிறகு கட்டடத்தையே இடித்துவிட்டார்கள்.

மூன்றிலும் பலகையைக் குறை சொல்ல முடியாது. விட்டது இணைப்புதான்.

2002 வரைபடத்தில் கேரளம் முழுவதும் மூன்றாம் மண்டலம். ஆபத்து மிதமானது, இல்லாததல்ல. அதனால் தம்பியிடம் மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னேன். பலகை எத்தனை அங்குலம் பீமில் உட்காருகிறது? பலகையின் கம்பி பீமுக்குள் போகிறதா? மேலே கம்பிவலை போட்டு கான்கிரீட் ஊற்றுவார்களா?

"எட்டு ரிக்டர் தாங்கும்னு சொல்றாங்கண்ணே" என்றான்.

"அதை விடு. இணைப்பு வரைபடத்தைக் கேளு. அம்மா படுக்கப்போற கூரைடா அது. பார்க்காம அட்வான்ஸ் குடுக்காதே" என்றேன்.

நாளை கேட்டுச் சொல்கிறானாம். காத்திருக்கிறேன்.