கொட்டியாரக் குடாவும் அம்பாப் பாட்டுக் குழுக்களும்

நெய்தல் நிலத்துக்கு இசை புதிதன்று. புகார்க் கடற்கரையிலே கோவலனும் மாதவியும் யாழொடு பாடிய கானல்வரியைச் சிலப்பதிகாரம் தனித்ததொரு காதையாகவே அமைத்துக்கொண்டது. அந்நூலின் வாழ்த்துக் காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி ஆகியவற்றோடு உலக்கை பிடிக்கும் மகளிரின் வள்ளைப்பாட்டும் இடம்பெற்றுள்ளது. தொழில் செய்வோரின் வாய்ப்பாட்டை இளங்கோவடிகள் காப்பியத்துக்குரிய பொருளாக மதித்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பிற்கால வரலாற்றாசிரியர் இம்மதிப்பைப் பெரிதும் கைவிட்டனர். திருக்கோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுந்த நூல்கள் பல. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் அதன்பொருட்டுப் பொருதமை அவற்றில் விரிவாகக் கூறப்படும். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியமையும் கூறப்படும். அத்துறையின் இருமருங்கும் நாள்தோறும் வலையிழுத்தோர் எவர், அவர் எவ்வாறு கூடிப் பாடினர் என்பன மட்டும் கூறப்படுவதில்லை.

கீழைக் கரையில் வழங்கிய பாட்டுக் குழுக்களை மூவகையாகப் பகுத்தல் பொருந்தும். வைகாசித் திங்களிலே கண்ணகியம்மன் கோயில்களில் வழக்குரை பாடுவோர் போன்ற கோயிற் குழுக்கள் முதல்வகை. அண்ணாவியாரைத் தலைவராகக் கொண்ட கூத்துக் குழுக்களும் வசந்தன் குழுக்களும் இரண்டாம் வகை. களத்திலே சூடு மிதித்துப் பொலி பாடியோரும், கரையிலே வலையிழுத்து அம்பா பாடியோரும் மூன்றாம் வகை. முதலிரு வகையினரிடத்தும் ஏடு இருந்தது. ஏட்டைக் காத்தற்கு ஒருவர் இருந்தார். ஆகவே, தி. சதாசிவ ஐயர் 1940இல் மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டை வெளியிடவும், வித்துவான் வீ. சீ. கந்தையா 1968இல் கண்ணகி வழக்குரையைப் பதிப்பிக்கவும் இயன்றது. மூன்றாம் வகையினரிடத்து ஏடில்லை. தொழிலுள்ளவரை பாட்டு இருந்தது. தொழில் மாறியதும் பாடுவோர் கலைந்தனர்.

அம்பா என்னும் சொல், தோணியைக் குறிக்கும் அம்பி என்பதன் அடியாகப் பிறந்தது என்பாரும் உளர். பெயரின் பிறப்பு எவ்வாறாயினும் அதன் பயன் தெளிவானது. கரைவலையின் ஒரு கயிற்றுத் தலை கரையில் நிற்போரிடம் இருக்க, தோணி வலையை வளைத்துப் போட்டுச் சென்று மறுதலையைச் சற்று அப்பால் கரை சேர்க்கும். பின்னர் இரு குழுவினர் இரு கயிறுகளையும் இழுத்தவாறே ஒருவரையொருவர் அணுகுவர். ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்தினால் மடி கோணும், மீன் தப்பும். ஆதலின் இரு பக்கத்தார் கையும் மூச்சும் ஒருமித்தல் வேண்டும். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் ஏலேலோ என ஏற்றுப் பாடும் அம்பா அவ்வொருமையைத் தந்தது. தெய்வத்தை விளித்தலும், வலைக்குரிய சம்மாட்டியை நயமாக எள்ளுதலும், வீட்டாரை நினைந்து ஏங்குதலும் அதன் பொருளாயின. ஒரு வலைக்குரியோர் ஒரு பாட்டுக் குழுவாயினர்.

இக்குழுக்கள் கலைந்தமைக்குக் காரணங்கள் பல. 1950களின் பிற்பகுதி தொடக்கம் இயந்திரப் படகுகளும் நைலோன் வலைகளும் பரவின. சிலரே சென்று மீன்பிடிக்கும் முறை பெருகியது. இயந்திர ஒலியிடையே பாட்டுக்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை. பின்னர் உழவு இயந்திரத்திற் பூட்டிய ‘வின்ச்’ பொறி கரைவலைக் கயிற்றையும் இழுக்கத் தொடங்கியது. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்திலே கடற்றொழிலுக்குத் தடைகள் விதிக்கப்பட்டன. கரையோர ஊர்கள் இடம்பெயர்ந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை, எஞ்சிய வாடிகளையும் வலைகளையும் மனிதரையும் கொண்டுசென்றது.

இத்தகைய இழப்பு திருக்கோணமலைக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில மாலுமிகள் பாய்மரக் கப்பலிலே நங்கூரம் தூக்கவும் பாய் ஏற்றவும் பாடிய தொழிற்பாட்டுகள் நீராவிக் கப்பல் வந்தபின் ஒழிந்தன. அவற்றைத் தேடிய செசில் சார்ப், வாச்செட் என்னும் சிற்றூரில் ஓய்ந்திருந்த ஜோன் சோர்ட் என்ற முதிய மாலுமியைக் கண்டு, அவர் வாயிலாகப் பலவற்றைப் பெற்று 1914இல் நூலாக்கினார். கப்பல்கள் மறைந்தபின்னும் பாட்டு ஒரு முதியவர் நினைவில் இருந்தது. அவரை உரிய காலத்திலே ஒருவர் தேடிச் சென்றமையே அதனைக் காத்தது.

ஈண்டுத் தேடுவோர்க்கு மூன்று வழிகள் உள. முதலாவது, பருவத்தின் வழி. தென்மேற்குப் பருவக்காற்று வீசுங் காலத்தே நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேற்குக் கரையூர்களின் மீனவர் கீழைக் கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்தனர். ஆதலின் நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் ஒலித்த பாட்டின் துணுக்கு அவ்வூர்களிலும் கிடைத்தல் கூடும். இரண்டாவது, அயலார் வழி. கரைவலை இழுக்கும் சிங்கள மீனவரிடையேயும் அம்பா என்ற பெயராலேயே பாட்டு வழங்குகிறது; தமிழ்ச் சொற்கள் அதிற் பயில்கின்றன. மூதூர், கிண்ணியா முஸ்லிம் மீனவரையும் ஒதுக்கிவிட்டுத் தமிழர் அம்பாவை மட்டும் தனித்து ஆராய்தல் அரைகுறை முயற்சியாகவே முடியும். கயிறு பிடித்த கைகள் பல இனத்தன. மூன்றாவது, முதியோர் வழி. அவரை நாற்காலியில் இருத்திப் பாடுமாறு கேட்டல் போதாது. அடியெடுத்தவர் எவர், ஏற்றவர் எத்தனை பேர், வலை எவ்விடத்தது, எந்நேரத்தில் எவ்வடி மாறியது என்பனவற்றையும் வினவி எழுதுதல் வேண்டும்.

நாட்டுப்பாடல் தொகுதிகளிலே பாட்டு நிற்கப் பாடியோர் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். ‘ஆசிரியர் பெயர் தெரியவில்லை’ என்னும் குறிப்பு அவற்றுக்குப் பழகிவிட்டது. அம்பாவிற்குத் தனியொரு ஆசிரியர் இல்லை என்பது மெய்யே; எனினும் குழு உண்டு, கரை உண்டு, காலம் உண்டு. அம்மூன்றையும் குறித்துவைத்தல் வரலாற்று மாணவர் கடன். இளமையிலே கயிறு பிடித்த முதியோர் இன்னும் சிலரேனும் இக்கரைகளில் வாழுங் காலத்திலேயே அக்கடன் தீர்க்கப்படல் வேண்டும்.